சாவிக்கொத்துச் சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விசாரணைக் கைதிகளின் ஜாமீன் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது, நல்லது. ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஆள் அதற்கப்புறம் எப்படி இருக்கிறார் என்று நான் படித்ததே இல்லை, அதனால் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு அடிதடி வழக்கில் 14 மாதம் உள்ளே இருந்தார். ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட இரண்டு ஆள் கிடைக்காமல் அதில் பாதி போனது. கடைசியில் வழக்கு நிற்கவில்லை, விடுதலை. மனு போட்டுப் பார்க்கப் போகும்போதெல்லாம் மாமா சிரித்துக்கொண்டுதான் நிற்பார்.

வந்த முதல் நாளே சாயங்காலம் ஆறு மணிக்கு யாரும் சொல்லாமல் எழுந்து உள்ளறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். சிறையில் அறையைப் பூட்டும் லாக்கப் நேரமாம். குளியலறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தால்கூடத் தள்ள மாட்டார், யாராவது திறக்கட்டும் என்று நிற்பார். விளக்கை அணைத்தால் தூக்கம் வராது. அக்கா இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கினால் மனிதருக்கு உடம்பே விறைத்துப்போகும். அவள் சாவியைத் துணியில் சுற்றிவைக்கப் பழகிவிட்டாள்.

தெருவில் இதற்குப் பெயர் ஜெயிலுக்குப் போய்வந்த திமிர். நாங்கள் மட்டும் என்ன, காத்துக்கருப்பு என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டினோம், எட்டு மாதம் வீண், அதற்குள் தூக்கத்துக்காகக் குடியும் சேர்ந்துகொண்டது. பிறகுதான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. மாத்திரையும் பேச்சுமாக இப்போது தூங்குகிறார், விளக்கு மட்டும் இன்னும் எரிகிறது.

31 ஆண்டு கழித்து 2022-ல் பேரறிவாளன் விடுதலையானபோது நாடே பார்த்தது. மாமா மாதிரி ஆட்களை யார் பார்க்கப்போகிறார்கள்? அதே 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள்தான்.

2017 மனநலச் சட்டம் மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநலச் சிகிச்சைக்கு இடம் வேண்டும் என்கிறது. சரி, கேட்டுக்கு வெளியே? மாமாவை அனுப்பும்போது பையையும் பர்ஸையும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதோடு, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல ஓ.பி. என்றைக்கு, எந்த அறை என்று ஒரு சீட்டு, கூடவே மனநல ஆலோசனைக்கான 14416 என்ற டெலி மானஸ் இலவச எண், இதைக் கொடுக்க என்ன பெரிய செலவு? வெளியே வருகிற ஆளிடம் மட்டும் கொடுத்தால் போதாது, அழைத்துப்போக வாசலில் நிற்பவரிடமும் கொடுக்க வேண்டும். மாமா என்றால் அதைக் கிழித்துப் போட்டிருப்பார், அக்கா அரிசிப் பானைக்குள்ளாவது பத்திரமாக வைத்திருப்பாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்