ஆதார் படம் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். மதுரை புகைப்படக் கலைஞர் பழனிக்குமார், மீன் விற்கும் தன் தாயைத் தொடர்ந்து படமெடுத்தவர். அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் தெரு பெருக்கும் அக்காவை செல்போனில் எடுத்தேன். விடியற்காலை, தள்ளுவண்டியில் சாய்ந்து டீ குடிக்கிறார். பிரிண்ட் போட்டுக் கொடுத்ததும், "ஆதாருக்கு அப்புறம் நான் தனியா இருக்கிற படம் இதுதான் தம்பி" என்றார். இன்னொரு பிரதியை, அவர் பெயர் எழுதி என் மளிகைக் கடையில் மாட்டினேன். இப்போது பலரும் அவரைப் பெயரோடு "அக்கா" சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். குப்பையைப் பிரித்தும் தருகிறார்கள் (மாடி வீட்டுக்காரர் மட்டும் இன்னும் மசியவில்லை).

உங்கள் நாளிதழில் அருவியும் அந்தி வானமும் நிறையவே வருகின்றன. சரி, அழகுதான். வாரம் ஒருநாளாவது, வாசகர்கள் எடுத்த உழைப்பாளிகளின் படங்களை, அவர்கள் சம்மதத்தோடும் பெயரோடும் போடுங்களேன்.

– மளிகைக் கடைக்காரர், செல்லூர், மதுரை