அலாரம் அடித்ததும் எங்கே பார்க்கிறாள்?

மண்டபம்

அன்புத் தோழிக்கு,

கச்சான் காற்று அடங்கி வாடை தொடங்கிவிட்டது. வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

ஐசியூவில் வென்டிலேட்டர் நோயாளிகளை நம் நர்ஸ் பிள்ளைகள் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மதிப்பிடும் வேலையை இந்த மாதம் என்னிடம் கொடுத்தார்கள். முதலில் எழுத்துத் தேர்வு. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்த வேண்டும், மூச்சுக்குழாய்க்குள் போட்ட குழாயைச் சுற்றியிருக்கும் குட்டி பலூனின், அதாவது கஃபின், அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவில் இருக்க வேண்டும் என்று ஏறக்குறைய எல்லாருமே சரியாக எழுதிவிட்டார்கள். அப்புறம் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரிப்பு மாற்றப் படுக்கையைத் தாழ்த்தியவள் திரும்ப உயர்த்தவில்லை. இன்னொருத்தி கஃபை விரலால் அமுக்கிப் பார்த்து "சரியா இருக்கு சிஸ்டர்" என்றாள், அளக்கும் கருவி மேசையிலேயே கிடந்தது. சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷனை 15 விநாடிக்குள் முடிக்க வேண்டும் இல்லையா, ஒருத்திக்கு என் கடிகாரத்தில் 25 ஓடியது. மூச்சை நீயும் அடக்கிக்கொண்டு செய்து பார் என்று அவளிடம் சொன்னேன். அடுத்த முறை சீக்கிரம் எடுத்துவிட்டாள்.

அலாரம் அடித்ததும் பலருடைய கை சத்தத்தை நிறுத்தும் பொத்தானுக்குத்தான் போனது. தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்த ஒரு சின்னப் பெண் மட்டும் முதலில் நோயாளியின் நெஞ்சைப் பார்த்தாள். ஏறி இறங்குகிறதா, இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்துவிட்டு, வாயிலிருந்து மெஷின் வரை குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய் மடங்கிய இடத்தைக் கண்டுபிடித்தாள். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

அந்த நோயாளி கட்டுவிரியன் கடித்து வந்தவர். இமையைக்கூடத் திறக்க முடியாது, ஆனால் நினைவு இருக்கும், காது கேட்கும். அவள் குனிந்து, "அண்ணே, சளி எடுக்கப் போறேன், இருமல் வரும், பயப்படாதீங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மதிப்பீட்டுத் தாளில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அன்று இரவே பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்.

மூன்று மாதம் கழித்து எல்லாரையும் திரும்பப் பார்க்கப் போகிறேன், முன்கூட்டிச் சொல்லாமல், இரவு ட்யூட்டியில். உங்கள் வார்டில் நீ வைத்திருக்கும் தாளை அனுப்பு. கார்த்திகைக்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்