நிலவு எங்கேயும் போய்விடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாமானியருக்கும் புரியும்படி இயற்பியல் சொல்லப்போவதாக நீங்கள் அறிவித்து வெளியிடும் தொடர், எல்லாம் நம் பழம்பாடல்களில் அப்போதே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போகிறது. அதில் சென்ற இதழில் ஒரு வரி: "நாம் பார்க்காதபோது நிலவு இல்லை என்று ஐன்ஸ்டைனே ஒப்புக்கொண்டார், இதைத்தான் நம் முன்னோர் மாயை என்றனர்." படித்ததும் பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். அப்படியேதான் இருந்தது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஐன்ஸ்டைன் ஒருநாள் சக இயற்பியலாளர் ஆப்ரகாம் பைஸோடு நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று, நீ பார்க்கும்போது மட்டும்தான் நிலவு இருக்கிறது என்று நிஜமாகவே நம்புகிறாயா என்று கேட்டார். அணு அளவிலான உலகத்தை விளக்கும் குவாண்டம் கொள்கைக்கு இப்படியெல்லாம் பொருள் சொல்வதைப் பொறுக்காமல் கேட்ட கேள்வி அது. கேள்வி கேட்டவரையே சாட்சியாக்கிக் கூண்டில் ஏற்றிவிட்டார் உங்கள் கட்டுரையாளர். சாமர்த்தியசாலிதான்.

பார்ப்பதால் உலகம் மாறுகிறது என்ற பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஒரு சோதனை. இரண்டு துளைகள் வழியே எலக்ட்ரான்களை அனுப்பினால், எதிர்த்திரையில் அலைகள் கலந்ததுபோல் வரிவரியாக ஒரு கோலம் விழும். எலக்ட்ரான் எந்தத் துளை வழியே போனது என்று தெரிய வேண்டுமானால் அதன்மேல் ஒளி பட வேண்டும், அல்லது ஏதாவது ஒரு கருவி குறுக்கிட வேண்டும். அந்தக் குறுக்கீட்டில்தான் அலைக்கோலம் கலைகிறது. ஆராய்ச்சியாளர் அறையைப் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனாலும் கலையும். மனித மனத்துக்கு இதில் பங்கு உண்டு என்று யூஜின் விக்னர் போன்ற இயற்பியல் மேதைகள் ஒரு காலத்தில் சொன்னது உண்மை. பின்னாளில் விக்னரே அந்தக் கருத்தைக் கைவிட்டார் என்பதும் உண்மை. உங்கள் தொடரில் முதல் உண்மை மட்டும் வந்தது.

அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஆய்வகத்தில் பெரிய வசதி கிடையாது. ஒரு பிள்ளையின் தலைமுடி ஒன்றை வாங்கி, அட்டையில் வெட்டிய ஓட்டைக்குக் குறுக்கே செல்லோடேப் போட்டு ஒட்டி, சாவிக்கொத்து லேசரை அதன்மேல் அடித்தால், எதிர்ச் சுவரில் வெளிச்சமும் இருட்டுமாக வரிவரியாக விழும். அந்த வரிகளின் இடைவெளியை ஸ்கேலால் அளந்து முடியின் பருமனைக் கணக்குப் போட்டுவிடலாம். கடைசி பெஞ்சுக்காரர்களும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது எனக்கு போன் போட்டு, "சார், எல்லாம் அப்பவே எழுதி வச்சிருக்காங்களாமே, நீங்க ஏன் சொல்லவே இல்ல?" என்று விசாரிக்கிறார்கள். உங்கள் புண்ணியம்.

இது இன்றைக்குத் தொடங்கியதும் இல்லை. 2012 ஜூலையில், 'கடவுள் துகள்' என்று செல்லப்பெயர் பெற்ற ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்ட செய்தி வந்தபோது, கடவுளையே பிடித்துவிட்டதுபோல் அட்டைப்படம் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். நீளமான கடிதம். அதில் 'அட்டையின் வண்ண அமைப்பு அருமை' என்ற வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். அந்தத் துகளின் நிறை ஏறக்குறைய 125 ஜிஇவி (துகள்களின் நிறையை அளக்கும் அலகு). கண்டுபிடிப்பதற்கு முன்பே எல்லாம் நம் பாடல்களில் இருந்தது என்றால், அந்த 125 எந்தப் பாட்டில், எத்தனையாவது அடியில் வருகிறது என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

நடராஜர் படத்துக்கு வருகிறேன். நான் சிதம்பரத்துக்காரன். எங்கள் ஊர்க்காரர் ஜெனீவாவில் செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வு மையத்தின் வளாகத்தில் நிற்பதில் என்னைவிடப் பெருமைப்படுகிறவர் யார்? ஆனால் 'பிரபஞ்ச ரகசியத்தை உணர்ந்து மேலைநாட்டு விஞ்ஞானிகள் நிறுவிய சிலை' என்று படக்குறிப்பு போட்டிருக்கிறீர்கள். அது நம் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. 2004 ஜூனில் திறந்துவைத்தார்கள். நம் விஞ்ஞானிகளுக்கும் செர்னுக்கும் 1960-களிலிருந்து இருக்கும் உறவின் அடையாளம். அங்கே துகள்களை மோதவிடும் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன் எடை என்று 1,232 காந்தங்கள் இருக்கின்றன. மயிரிழை பிசகாமல் காந்தங்களைத் தாங்கி நிறுத்தும் ஜாக்கிகள், ஏழாயிரத்துக்கும் மேல், நம் நாட்டில் செய்து அனுப்பியவை. இப்போது ராஜா ராமண்ணா மையம் என்று பெயர் பெற்றிருக்கும் இந்தூர் ஆய்வகம் முன்னின்று நடத்திய வேலை. அதைப் பற்றி ஒரு வரி உண்டா? சிலைக்கு முழுப்பக்கம், ஜாக்கிக்கு ஒன்றுமில்லை.

நான் நாத்திகன் இல்லை. திருவாசகம் ஓதாமல் எனக்குப் பொழுது விடியாது. குவாண்டம் கொள்கையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷ்ரோடிங்கர் உபநிடதங்களில் தோய்ந்தவர் என்பதும், டென்மார்க் அரசு 1947-ல் விருது கொடுத்தபோது இன்னொரு குவாண்டம் முன்னோடியான நீல்ஸ் போர் தன் மரபுச் சின்னத்தில் சீனர்களின் யின்-யாங் வட்டத்தை வைத்துக்கொண்டார் என்பதும் எனக்கும் பிடித்த செய்திகளே. ஆனால் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை உலகம் ஏற்றது அவர் வேதாந்தம் படித்தார் என்பதற்காக இல்லை. ஹைட்ரஜன் உமிழும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் எங்கே விழும் என்று அது சரியாகச் சொன்னது, அதற்காக.

உங்கள் தொடரில் பாதி, 1975-ல் இயற்பியலாளர் ஃப்ரிட்யோஃப் காப்ரா எழுதிய 'தி டாவ் ஆஃப் ஃபிசிக்ஸ்' புத்தகத்தின் நிழல். அவர் கீழைத் தத்துவத்தை ஜெஃப்ரி சூ என்ற இயற்பியலாளரின் 'பூட்ஸ்ட்ராப்' கொள்கையோடு முடிச்சுப் போட்டார். அடிப்படைத் துகள் என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாம் எல்லாவற்றாலும் ஆனவை என்பது அந்தக் கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே, 1974 நவம்பரில் ஜே-சை என்ற துகள் கண்டறியப்பட்டு, குவார்க் என்னும் அடிப்படைத் துகள்களின் பக்கம் காற்று திரும்பிவிட்டது. சூவின் கொள்கை ஓரங்கட்டப்பட்டது. சரி, அதோடு முடிச்சுப் போட்ட தத்துவமும் தோற்றதாக எடுத்துக்கொள்ளலாமா? கட்டுரையாளர் சம்மதிப்பாரா? நான் சம்மதிக்க மாட்டேன். என் தில்லைக்கூத்தனுக்கு ஜெனீவாவிலிருந்து நற்சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லி யார் கேட்டார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனர் கழுத்தில் கறுப்பாக ஒரு 'குவாண்டம்' பதக்கம் தொங்குகிறது. மூட்டுவலிக்காம். இதே மாதிரிப் பொருள்கள் சிலவற்றைச் சோதித்துப் பார்த்த நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம், அவை கதிரியக்கம் உள்ளவை, அணியாதீர்கள் என்று 2021 டிசம்பரில் எச்சரித்தது. அந்தப் பட்டியலில் ஒரு குவாண்டம் பதக்கமும் இருந்தது. எடுத்துச் சொன்னால், "நீங்க படிச்சது பழைய பிசிக்ஸ், மாமா" என்கிறார். ஆதாரமாக அவர் நீட்டுவது உங்கள் பத்திரிகையை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நிலவு பற்றிய வரிக்கும் நடராஜர் படக்குறிப்புக்கும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். தொடரை நிறுத்தச் சொல்லவில்லை. அறிவியல் பக்கத்திலிருந்து எடுத்து ஆன்மிகப் பக்கத்துக்கு மாற்றுங்கள், அங்கேயும் படிப்பேன். சந்தா புதுப்பிக்கும் படிவம் வந்து சேர்ந்தது. திருத்தத்தைப் பார்த்துவிட்டுப் பூர்த்தி செய்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
சிதம்பரம்.