மெஹ்ரோலியில் ஒரு கல்லறை பங்களா

கண்ணம்மா,

இங்கிலாந்தில் நீ எடுத்து அனுப்பிய பிரபு மாளிகைப் படங்களை அம்மா இதற்குள் முனிர்க்காவில் பாதிப் பேருக்குக் காட்டியாகிவிட்டது. "இந்த மாதிரி பிரபு வீடெல்லாம் நம்ம டெல்லியில ஏதுப்பா?" என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இருக்கிறது. குதுப் மினார் பார்க்கப் போகிறவர்கள் மினாரோடு திரும்பிவிடுகிறார்கள், பக்கத்திலேயே மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்குள் மேட்டில் தில்குஷா என்று ஒரு வீடு நிற்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

வீடு என்றா சொன்னேன்? அது முகலாயர் காலத்துக் கல்லறை. அக்பரை வளர்த்த செவிலித்தாய் மாஹம் அங்காவின் மகன் குலிகானுடையது. வெளியே எட்டுப் பட்டை, உள்ளே போனால் சதுரம். 1840களில் தாமஸ் மெட்கால்ஃப், முகலாய தர்பாருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி நியமித்திருந்த பிரதிநிதி, இதை வாங்கி இரண்டு பக்கமும் அறைகளை ஒட்டவைத்து மழைக்கால பங்களாவாக்கிக்கொண்டார். நடு மண்டபம்தான் சாப்பாட்டு அறை என்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் சுதையில் செதுக்கிய பூவேலை இன்னும் தெரிகிறது, ஒட்டவைத்த அறைகளில்தான் அடிச்சுவர் மட்டும் மிச்சம். ஒட்டுப்போட்டது முதலில் விழும் என்று எந்தக் கொத்தனாரும் சொல்வார்.

இன்னொருவர் சமாதியில் உட்கார்ந்து சூப் குடிக்க எப்படி மனசு வந்ததோ! குலிகானின் சகோதரன் ஆதம்கான் கல்லறைக்கும் இதே கதிதான். 1562இல் அக்பர் ஆக்ரா கோட்டை மாடியிலிருந்து தள்ளச் சொல்லி, சாகவில்லை என்று தெரிந்ததும் மறுபடி தூக்கிவந்து தள்ளவைத்தாரே, அந்த ஆதம்கான். அவன் கல்லறையிலும் ஒரு வெள்ளைக்கார அதிகாரி குடியேறினார், பிற்பாடு அது போலீஸ் ஸ்டேஷனாகக்கூட இருந்திருக்கிறது.

மெட்கால்ஃபுக்கு யமுனைக் கரையில் பெரிய மாளிகை, நெப்போலியன் நினைவுப்பொருட்களுக்கென்றே தனி அறையோடு, ஏற்கெனவே இருந்தது. அப்புறம் எதற்கு மெஹ்ரோலி? மழைக்காலத்தில் கடைசி முகலாய பாதுஷா பகதூர் ஷா ஜாபர் இங்கேதான் ஜாபர் மஹால் என்ற அரண்மனைக்கு வந்து தங்குவார், பாதுஷா மேல் ஒரு கண் வைத்தமாதிரியும் ஆச்சு, காற்று வாங்கினமாதிரியும் ஆச்சு. ஆள் லேசுப்பட்டவர் இல்லை, புதுமணத் தம்பதிகளுக்கு இந்த மெஹ்ரோலி வீட்டை வாடகைக்கும் விட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வருவது தோட்டத்தைப் பார்த்துத்தான். உங்கள் ஊர்ப் பிரபுக்கள் தோட்டத்தில் அழகுக்காகப் பொய்யாக இடிபாடுகள் கட்டிவைப்பார்களே, அந்த மோகம் இவருக்கும். சுற்றிலும் முகலாயருக்கு முந்தைய லோதி காலத்து நிஜ இடிபாடுகள் இறைந்து கிடக்க, அதற்கு நடுவில் புதிதாக ஒரு குடை மண்டபம், படிப்படியாக ஏறும் கற்கோபுரங்கள்! இருந்த பழைய கட்டடத்தையும் சும்மா விடவில்லை, ஒன்றைப் புறாக்கூண்டாக்கினார். ஆனாலும் ஒன்று, அந்தக் குடை மண்டபத்தில் நின்றால் மரங்களுக்கு மேலே மினார் நிற்கும் அழகு இருக்கிறதே, இடம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார் மனுஷன்.

1853இல் அவர் செத்துப்போனார், விஷம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு. 1857 கிளர்ச்சியில் யமுனைக்கரை மாளிகையைச் சூறையாடிவிட்டார்கள்.

உனக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. 1844இல் மெட்கால்ஃப், டெல்லிக் கட்டடங்களை மஸ்ஹர் அலி கான் என்ற ஓவியரை வைத்து வரையச் சொல்லி, தன் கையாலேயே விவரம் எழுதி, இங்கிலாந்திலிருந்த மகள் எமிலிக்கு ஒரு ஆல்பம் அனுப்பினார். அது இப்போது லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. லீவு நாளில் போய், பார்க்க விடுவார்களா என்று விசாரி. தில்குஷா படம் அதில் இருந்தால், அந்தப் பக்கத்து அறைகளுக்கு மொட்டை மாடியா, சாய்வுக் கூரையா என்று பார்த்துச் சொல்லு, இங்கே மிஞ்சியிருக்கிற சுவரை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. டிசம்பரில் வந்தால் நேரில் கூட்டிப்போகிறேன். மே மாதம் என்றால் என்னைக் கூப்பிடாதே, வெயில் மண்டையைப் பிளக்கும்.

அப்பா