தாத்தா பிறந்த ஊரைக் கேட்கிற தேசம்: லாகோசில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் குரல் செய்தியைக் கேட்டேன். "இங்க எல்லாமே இனச் சண்டைதான் அண்ணா, ஆயிரம் வருஷப் பகை, ஓட்டுகூட இனம் பார்த்துத்தான் போடுறாங்க" என்று சொல்லியிருந்தாய். லாகோஸ் போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தப் பாடம் உனக்கு எங்கே கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் ராத்திரிச் சாப்பாட்டின்போது நம்மவர்கள் பேசுவது நான் நைஜீரியாவில் இருந்த காலத்திலும் இதேதான். அங்கே போய் இறங்குகிற நம் பிள்ளைகள் பலருக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதனால் உனக்குத் தனியாகப் பதில் போடாமல் இங்கேயே எழுதுகிறேன்.

நீ ஆள் எடுக்கிற பிரிவில்தானே இருக்கிறாய், வேலை கேட்டு வருகிறவர்கள் நிரப்புகிற படிவத்தை நிதானமாகப் பார். 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்', அதாவது பூர்வீக மாநிலம், என்று ஒரு கட்டம் இருக்கும். பிறந்த ஊரும் அதில் செல்லாது, குடியிருக்கிற ஊரும் செல்லாது. லாகோசில் பிறந்து, லாகோசிலேயே படித்து, அந்தப் பக்கத்து யொருபா மொழியைச் சரளமாகப் பேசுகிற இக்போ இனத்துப் பையன், கிறிஸ்துமசுக்கு மட்டும் போய்வருகிற கிழக்கு மாநிலங்களான அனாம்ப்ராவையோ இமோவையோதான் அதில் எழுதுவான். சட்டம் அப்படி. ஒருவர் ஒரு மாநிலத்தைச் சேர்ந்தவர் என்றால் அவருடைய பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டிகளில் ஒருவரோ அந்த மாநிலத்தின் பூர்வீகச் சமூகம் ஒன்றைச் சேர்ந்தவராக இருந்திருக்க வேண்டும் என்கிறது 1999 அரசியல் சட்டத்தின் 318-வது பிரிவு. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் மண்ணின் மைந்தர் ஒருவரையாவது மத்திய அமைச்சராக்க வேண்டும் என்கிறது 147-வது பிரிவு. இனத்தையோ பூர்வீகத்தையோ காட்டி எந்தக் குடிமகனையும் ஒதுக்கக் கூடாது என்று 42-வது பிரிவு வேறு அதே புத்தகத்தில் இருக்கிறது. நடைமுறையில் ஜெயிப்பது எது என்றால், நாட்டில் உள்ள 774 உள்ளாட்சிகளில் எந்த அலுவலகத்துக்குள் போனாலும் தெரிந்துவிடும். அங்கேதான் 'இண்டிஜீன்', அதாவது மண்ணின் மைந்தர், என்ற சான்றிதழ் தருவார்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் மாநில அரசு வேலை, உதவித்தொகை, கல்லூரி இடம், மத்திய வேலைகளில் மாநிலப் பங்கு. இல்லாவிட்டால் மூன்று தலைமுறையாக அதே தெருவில் வரி கட்டிக்கொண்டிருந்தாலும் நீ வெளியூர்க்காரன்தான்.

ஆயிரம் வருஷப் பகை என்கிறாயே, நாட்டின் நடுப்பகுதியில் இருக்கிற ஜோஸ் நகரத்தை எடுத்துக்கொள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளீயச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் அது. சுரங்க வேலைக்கு வடக்கேயிருந்து வந்த ஹவுசாக்காரர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இது எங்கள் மண் என்கிறார்கள் பெரோம், அனாகுடா, அஃபிசெரே மக்கள். காட்டை ஊராக்கியதே நாங்கள்தான் என்கிறார்கள் ஹவுசாக்கள். 1991-ல் ராணுவ ஆட்சி ஜோஸ் நார்த் என்று புதிதாக ஓர் உள்ளாட்சியைப் பிரித்தது. சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற நாற்காலி யாருக்கு என்ற கேள்வி அன்றிலிருந்து அந்த ஊரை விடவில்லை. 2001-ல் வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கு உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக ஒரு ஹவுசாக்காரரை நியமித்ததும் உரசல் ஆரம்பித்தது, அந்த செப்டம்பரில் ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ ஆயிரம் பேர் செத்தார்கள். 2008 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி மறுபடியும் நூற்றுக்கணக்கில் சாவு, 2010-ல் இன்னொரு தடவை. வெளியுலகச் செய்திகளில் இதெல்லாம் முஸ்லிம் கிறிஸ்தவ மோதலாக வந்தது. மதமும் அதில் கலந்திருந்தது, பள்ளிவாசலும் தேவாலயமும் எரிந்தன, அதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் ஆரம்பம் எது? ஒரு சின்னப் பதவி, ஓர் உள்ளாட்சி நாற்காலி.

சரி, அங்கே இரண்டு பக்கமும் வெவ்வேறு இனம், வெவ்வேறு மதம் என்று நீ சொல்லலாம். அப்படியானால் அபியாவைப் பார். 2011-ல் அபியா மாநில அரசு, தன் நிர்வாகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வெளிமாநில ஊழியர்களை அவரவர் சொந்த மாநிலத்துக்கே போகச் சொல்லிவிட்டது. அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் பக்கத்து மாநிலங்களான இமோ, அனாம்ப்ரா, எபோனியைச் சேர்ந்த இக்போக்கள். அனுப்பிய அபியாவும் இக்போ மாநிலம். 1991 வரை அபியாவும் இமோவும் ஒரே மாநிலமாக இருந்தவை! ஒரே மொழி, ஒரே மதம், ஒரே உள்நாட்டுப் போரில் சேர்ந்து பட்டினி கிடந்த மக்கள், நடுவில் ஒரு கோடு விழுந்ததும் ஒருவருக்கொருவர் வெளியூர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். மேற்கே இஃபேவும் மொடாகேகேயும் பல தடவை வெட்டிக்கொண்டன, இரண்டும் யொருபா ஊர்கள். மனிதர்களுக்குள் இருக்கிற இன வேற்றுமை மட்டும் இதையெல்லாம் செய்யவில்லை தம்பி. யார் உள்ளே, யார் வெளியே என்று தாள் போட்டுப் பிரித்து, அந்தத் தாளுக்கு அரசாங்கமே சோறு போடுகிறது. நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டைக் கெட்ட எண்ணத்தோடு யாரும் கொண்டுவரவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாட்டு மனிதர்களோடு இதைப் பற்றிப் பேசவே முடியாது. 1950-களில் எனுகு நகரத்தின் முதல் மேயராக இருந்தவர் உமாரு அல்டைன், வடக்கே சொகோட்டோவிலிருந்து வந்த ஃபுலானி இனத்தவர். இக்போக்களின் தலைநகரம் மாதிரியான ஊரில்! இன்றைக்கு அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான அசிகிவே இக்போ, ஆனால் பிறந்தது வடக்கே சுங்கேருவில், ஹவுசாவும் யொருபாவும் பேசுவார். 1951-ல் லாகோசில் நின்று மேற்குப் பிராந்திய சட்டமன்றத்துக்குப் போனார். உறுப்பினர்கள் சிலர் யொருபாத் தலைவர் அவோலோவோவின் கட்சிப் பக்கம் சாய்ந்துவிட, அங்கே ஆட்சி அமைக்க அவருக்கு வழியில்லாமல் போயிற்று. கிழக்கே திரும்பினார். திரும்பியவருக்கு இடம் வேண்டுமே, கிழக்கில் அரசுத் தலைமையில் இருந்த எயோ இட்டா விலக வேண்டியதாயிற்று. எயோ இட்டா எஃபிக் இனத்தவர், அதாவது கிழக்கின் சிறுபான்மை. இக்போக்கள் மேற்குப் பிராந்தியத் தலைநகரான இபாடானில் அசிகிவேக்கு நடந்ததை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வருந்துகிறார்கள், எஃபிக் மக்களுக்கோ எயோ இட்டாதான் ஞாபகம்.

மூன்று பெரிய இனங்களும் மூன்று பிராந்தியங்களைப் பிடித்துக்கொண்ட நாட்டில், மீதி இருநூற்றுச் சொச்சம் இனங்கள் எங்கே போகும்? 1958-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த வில்லிங்க் கமிஷன் சிறுபான்மையினரின் பயம் நியாயம்தான் என்று எழுதிவிட்டு, புதிய மாநிலம் மட்டும் வேண்டாம் என்றது. அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் பிற்பாடு மாநிலங்களைப் பிரித்துக்கொண்டே போனார்கள்: 1967-ல் 12, 1976-ல் 19, 1987-ல் 21, 1991-ல் 30, 1996-ல் 36. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, எந்த ஒரு இனமும் மத்திய அரசை மொத்தமாக விழுங்கிவிடக் கூடாது என்று 1979 அரசியல் சட்டத்தில், மத்தியப் பதவிகளை எல்லா மாநிலத்தாருக்கும் பகிர வேண்டும் என்ற 'ஃபெடரல் கேரக்டர்' விதியைச் சேர்த்தார்கள். 1966-ல் வடக்கே இக்போக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதையும், தனிநாடாகப் பிரியப் பார்த்த கிழக்கின், அதாவது பியாஃப்ராவின், பட்டினியையும் பார்த்தவர்கள் எழுதிய விதி அது. இஜா, டிவ் போன்ற சிறுபான்மை இனத்தவர் ஒருவர் இந்த விதி இல்லாமல் அமைச்சர் நாற்காலியைப் பார்த்திருக்க முடியுமா என்று கேட்டால் என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஆனால் பிரிக்கப்பிரிக்க ஒவ்வொரு புது மாநிலத்திலும் புதிதாக ஒரு பெரும்பான்மையும் புதிதாக ஒரு சிறுபான்மையும் முளைத்தன, நேற்று வரை சொந்தக்காரனாக இருந்தவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான்.

வடக்கே என்னோடு வேலை பார்த்த கணக்காளர் ஒருவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இக்போ குடும்பம். 1966-ல் வீட்டை அப்படியே விட்டுவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கே ஓடியவர்கள், 1970-ல் போர் முடிந்து திரும்பி வந்தால், பக்கத்து வீட்டு ஹவுசாப் பெரியவர் அந்த வீட்டை வாடகைக்கு விட்டு, சேர்ந்த பணத்தைக் கணக்கோடு கையில் கொடுத்திருக்கிறார். வடக்கில் இப்படிப் பல இடங்களில் நடந்தது. (தெற்கே போர்ட் ஹார்கோர்ட் நகரத்தில் இக்போக்கள் விட்டுப்போன வீடுகள் 'கைவிடப்பட்ட சொத்து' என்ற பெயரில் பறிபோனவைதான், அந்தக் காயம் வேறு.) அதே கணக்காளரின் மகள், அந்த ஊரிலேயே பிறந்து ஹவுசா பேசி வளர்ந்த பெண், மாநில அரசுக் கல்லூரி ஒன்றில் சேரப் போனபோது வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணத்தைக் கட்டச் சொன்னார்கள். அண்டை வீட்டார் வைத்த நம்பிக்கையை அரசாங்கம் வைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

பணம் எப்படி வருகிறது என்பதையும் கொஞ்சம் பார். எண்ணெய் வருமானமும் மத்திய வரியும் தலைநகர் அபுஜாவில் சேர்ந்து, மாதாமாதம் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பிரிந்து போகிறது. பெரும்பாலான மாநிலங்கள் அதை நம்பித்தான் பிழைக்கின்றன. தன் ஊரில் குடியிருப்பவனிடம் வரி வாங்கிப் பிழைக்க வேண்டிய அரசாங்கம், அவன் எங்கிருந்து வந்தவனாக இருந்தாலும் மரியாதையாக நடத்தும். மேலேயிருந்து வருகிற பங்கை வாங்கி விநியோகிக்கிற அரசாங்கத்துக்கு, பந்தியில் உட்காருகிறவர்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அப்புறம் ஓட்டு. இனம் பார்த்துப் போடுகிறவர்கள் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் 1993 ஜூன் 12 குடியரசுத் தலைவர் தேர்தலில் அபியோலா என்கிற யொருபாக்காரர், எதிர் வேட்பாளர் டோஃபாவின் சொந்த மாநிலமான கானோவிலேயே ஜெயித்தார். அந்தத் தேர்தலை ரத்து செய்தது மக்கள் இல்லை, பாபாங்கிடாவின் ராணுவ ஆட்சி. 2023 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜெயித்த டினுபு யொருபா, ஆனால் தன் கோட்டையான லாகோசை இக்போ வேட்பாளர் பீட்டர் ஓபியிடம் பத்தாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் இழந்தார், யொருபா மாநிலமான ஓசுனை வடக்கத்தி வேட்பாளர் அத்திக்கு அபுபக்கரிடம் இழந்தார். அப்போது குடியரசுத் தலைவராக இருந்த புஹாரியின் சொந்த மாநிலமான வடக்கு கட்சினாவும், அவரும் டினுபுவும் சேர்ந்திருந்த கட்சிக்குக் கிடைக்கவில்லை. உன் கெஸ்ட் ஹவுஸ் கணக்கு இதில் எதையும் விளக்காது.

லாகோஸ் கைவிட்டுப் போனதற்கு மூன்று வாரம் கழித்து ஆளுநர் தேர்தல் வந்தது, நீ இருக்கிற அதே ஊரில், மார்ச் 18. ஓபியின் தொழிற்கட்சி நிறுத்திய வேட்பாளர் ரோட்ஸ்-விவோர் லாகோசின் பழைய யொருபா குடும்பம். ஆனால் அம்மா இக்போ, மனைவி இக்போ, அவருடைய பெயர்களில் ஒன்று சினேடு, இக்போப் பெயர். அதைப் பிடித்துக்கொண்டு இவன் நம்மாள் இல்லை என்று தெருத் தெருவாகப் பேசினார்கள். இக்போ முகம் என்று தோன்றியவர்களை வாக்குச்சாவடிகளில் மிரட்டி விரட்டினார்கள், அடித்தார்கள். முதல் தேர்தலில் மக்கள் இனம் தாண்டி ஓட்டுப் போட்ட பிறகு, இரண்டாவது தேர்தலில் அவர்களை இனத்துக்குள் திருப்பி அடைக்க ஆட்கள் வேலை பார்த்தார்கள். வரிசையை நீயே பார், எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று.

2025-ல் நாடாளுமன்றத்தின் கீழவைத் துணைத் தலைவர் பெஞ்சமின் காலு, ஒரு மாநிலத்தில் பிறந்தவரையும் பத்தாண்டு வசித்தவரையும் மண்ணின் மைந்தராக ஏற்கச் சொல்லும் மசோதாவை முன்வைத்தார். அவர் இக்போ என்பதால் லாகோசைப் பிடிக்கிற தந்திரம் என்று சிலர் கொதித்தார்கள், சிறு இனங்கள் தங்கள் நிலமும் பாரம்பரியத் தலைமையும் பறிபோகும் என்று பயந்தன. எதிர்ப்பு பலமானதும் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சிறு இனங்களின் அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். பெரோம் மக்களுக்கு உலகத்தில் வேறு ஊர் கிடையாது. அதனால் மன்னர் பதவி, மூதாதையர் நிலம், சடங்கு உரிமை எல்லாம் பூர்வகுடிகளிடமே இருக்கட்டும். பள்ளிக் கட்டணமும் உதவித்தொகையும் அரசு வேலையும் மட்டும் குடியிருப்பவருக்குச் சேரட்டும். இந்த இரண்டையும் ஒரே தாளில் கட்டிப்போட்டதுதான் கோளாறு.

இதற்கு அரசியல் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை. தன் கல்லூரியில் என்ன கட்டணம் வாங்குவது, தன் அலுவலகத்துக்கு யாரை எடுப்பது என்பதை ஒரு மாநில அரசு தானே முடிவு செய்யலாம். அதை முதலில் செய்ய வேண்டியது லாகோஸ். தன் வருமானத்தில் பெரும்பகுதியைத் தானே வரியாகத் திரட்டுகிற மாநிலம் அது, அந்த வரியில் இக்போ கடைக்காரரின் பணமும் இருக்கிறது, ஹவுசா வியாபாரியின் பணமும் இருக்கிறது, உன் சம்பளத்தில் பிடிக்கிற பணமும் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்