பாட்டுக்குக் கொடுக்கிற காசு யார் கைக்குப் போகிறது?

காவேரிப்பட்டணம்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடியும் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். மாமரங்களில் பூ நன்றாகப் பிடித்திருக்கிறது. பூவெல்லாம் கொட்டிவிடாமல் நின்றால் இந்த வருஷம் பெங்களூரா நல்ல காய்ப்புத் தரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாட்டை இலவசமாக டவுன்லோடு செய்வது திருட்டு என்று நீயும், பாட்டு இருப்பதே கேட்கத்தானே என்று உன் மகனும் வாதாடிக்கொண்டதாக எழுதி, என் கருத்தைக் கேட்டிருந்தாய். நான் உன் பக்கம்தான். ஆனால் நீங்கள் இருவருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. காசு கொடுத்தே கேட்டாலும், அது யார் கைக்குப் போய்ச் சேர்கிறது?

நம் வயசில் ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து கேசட்டில் பதிந்து வாங்குவார்கள். அப்புறம் பிளாட்பாரத்தில் எம்பி3 சிடி வந்தது. அதற்கும் பிறகு செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்துப் பாட்டு ஏற்றிக்கொண்டார்கள். 1999-இல் இணையத்தில் பாட்டை இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் நாப்ஸ்டர் என்ற சேவை வந்ததும் அமெரிக்காவில் இசைக் கம்பெனிகள் பதறிப்போய் கோர்ட்டுக்குப் போயின, 2001-இல் அது மூடப்பட்டது. நம் ஊர் ரெக்கார்டிங் சென்டரை அப்படி யாரும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த எதிலும் பாடினவருக்கு ஒரு பைசா வந்ததில்லை.

இப்போது நீ ஆப்புக்குச் சந்தா கட்டிக் கேட்கிறாய். நல்லதுதான். ஆனால் ஸ்பாட்டிஃபை மாதிரியான ஆப்களில் நீ கட்டும் பணம், நீ கேட்ட பாடகருக்கு நேராகப் போவதில்லை. எல்லாருடைய சந்தாவும் ஒன்றாகச் சேர்கிறது. கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, மொத்தக் கேட்பில் எந்தப் பாட்டு எவ்வளவு என்று பார்த்து மீதியைப் பிரிக்கிறார்கள். மாதம் முழுக்க நீ ஒரு பென்னாகரத்துக் கூத்துப் பாடகரை மட்டுமே கேட்டிருந்தாலும், உன் சந்தாவில் பெரும்பகுதி பெரிய சினிமாப் பாட்டுகளின் உரிமையாளர்களுக்குத்தான் போகும். 2024 முதல் இன்னொரு விதியும் வந்துவிட்டது. 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ராயல்டி என்கிற உரிமைத் தொகையே கிடையாது. சின்னக் கலைஞனுக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சினிமாக்காரர்களுக்காவது சட்டம் கொஞ்சம் துணை நிற்கிறது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. வசூலித்துப் பிரித்துத் தர 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. நம் ஊர் பம்பைக்காரருக்கும் கூத்து வாத்தியாருக்கும் யார் இருக்கிறார்கள்?

கூத்தையே எடுத்துக்கொள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தால் விடிய விடிய நாடகம். கூட்டத்தில் யாரோ ஒருவர் அதைப் போனில் எடுத்துத் தன் யூடியூப் சேனலில் போடுகிறார். அந்த வீடியோவில் வேஷம் கட்டினவர் பேர் இருக்காது, ஆர்மோனியம் வாசித்தவர் பேர் இருக்காது, சில சமயம் எந்த ஊர்க் குழு என்றுகூட இருக்காது. விளம்பரக் காசு வந்தால் அது சேனல் வைத்திருப்பவருக்கு. ராத்திரி முழுக்கத் தொண்டை கட்டப் பாடினவருக்கு, தன் வீடியோ அங்கே ஓடுவதே தெரியாது. எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. நீ சொல்கிற திருட்டு இங்கேதான் நடக்கிறது. அதைச் செய்கிறவரும் கூத்துக்கு நல்லது செய்வதாகவே நம்புகிறார்.

இதை மாற்றுவது பெரிய காரியமில்லை என்பதுதான் எனக்கு நம்பிக்கை. யூடியூபில் விளம்பர வருமானம் வர ஒரு வழி, 1,000 சப்ஸ்கிரைபர்களும் 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் சேர்ப்பது. மூன்று நிமிஷப் பாட்டுக்காரருக்கு அந்த மணிக்கணக்கு மலை. ஒரு ராத்திரி நாடகமோ ஏழெட்டு மணி நேரம் ஓடும், அதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிற ஜனமும் நம்மிடம் இருக்கிறது. சேனல் வாத்தியார் பேரில் இருக்க வேண்டும், பேங்க் கணக்கும் அவருடையதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் மிருதங்கம் யார், தாளம் யார், எந்த வேஷம் யார் என்று பேர் போட வேண்டும். போன் நம்பரும் போட்டால் அடுத்த ஊர்க்காரர் வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுக்க நேராக வந்துவிடுவார். விளம்பரக் காசைவிட அந்த நாடகம்தான் அவர்களுக்குச் சோறு.

நேரடியாகக் கொடுப்பது நமக்குப் புதுசும் இல்லை. 2007-இல் ரேடியோஹெட் என்ற இங்கிலாந்துக் குழு தன் புது ஆல்பத்தை இணையத்தில் வைத்து, கேட்பவரே விலை வைக்கட்டும் என்றது. உலகமே அதைப் பெரிய புதுமை என்று பேசியது. கூத்து மேடையில் அன்பளிப்பு கொடுப்பதும், கொடுத்தவர் பேரைக் கட்டியக்காரன் மைக்கில் சொல்வதும் நாம் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்ததுதானே? இப்போது அது போனிலும் நடக்கலாம். ஆனால் யூடியூபில் பார்ப்பவர் காசு கொடுக்கிற சூப்பர் தேங்க்ஸ் வழியாக அனுப்பினால் 30 சதவீதம் கம்பெனிக்குப் போய்விடும். வாத்தியாரின் ஜிபே நம்பருக்கே அனுப்பினால் முழுசும் அவருக்கு. தனி ஆல்பம் போடும் பிள்ளைகள், கலைஞரே பாட்டை விற்கிற பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் விற்றால் அங்கே வாங்கு, பாட்டுக்கு அவர்கள் எடுக்கும் பங்கு 15 சதவீதம்தான். அப்படித் தானே விற்கிற கலைஞனின் பாட்டை இலவசமாக இறக்குவதை மட்டும் உன் மகன் அடியோடு விட வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இன்னொன்று. கோயில் விசேஷத்துக்குப் பம்பை, உடுக்கை அடிக்க ஆள் கூப்பிடாமல், பென் டிரைவில் ஏற்றி ஸ்பீக்கரில் போட்டு முடித்துவிடுகிற ஊர்கள் கூடிக்கொண்டே போகின்றன. கோயில் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் பாட்டுப் போடச் சட்டமே விலக்கு தருகிறது, அதனால் அங்கே ராயல்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆளைக் கூப்பிட்டால்தான் அவருக்குக் கூலி. உன் பெண் கல்யாணத்துக்கு மேளமும் பம்பையும் நேரில் வர வேண்டும் என்று நான் இப்போதே சொல்லிவைக்கிறேன். பேசின தொகையை அன்றைக்கே கையில் கொடுத்துவிடு, பந்தியில் முதல் வரிசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போடு.

எங்கள் பக்கத்து ஊரில் சித்திரையில் பாரதம் வைக்கப் பேச்சு நடக்கிறது. வாத்தியாரிடம் சேனல் விஷயத்தைச் சொன்னேன், எடுத்து ஏற்றித் தர ஆள் இருந்தால் சரி என்றார். உன் மகனுக்குக் கேமராவும் எடிட்டிங்கும் கைவந்த கலை ஆயிற்றே, அவனைத்தான் மனசில் வைத்திருக்கிறேன். தேதி முடிவானதும் போன் செய்கிறேன். இரண்டு ராத்திரியாவது தங்குகிற மாதிரி லீவு போட்டு இரண்டு பேரும் வாருங்கள். செல்போன் மைக்கில் மிருதங்கம் சரியாக விழாது, நல்ல மைக் ஒன்று எடுத்துவரச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி