ஷூவுக்காகப் பிள்ளையை வெளியே நிறுத்தாதீர்கள்: தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

ஷூ சரியில்லை என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தாதீர்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். அப்புறம், அந்த ஷூ விதியையே நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் வளரும் கால்களுக்கும் ஏற்றபடி மாற்றி எழுதுங்கள் என்றும் கேட்கப் போகிறேன். ஆனால் முதலில் வேண்டியது அந்த ஒன்றுதான்.

நான் திருச்சியில் இருக்கிறேன். மகன் ஏழாம் வகுப்பு, மகள் நாலாம் வகுப்பு. இந்த மடல் ஒரு பள்ளியை மட்டும் குறிவைத்தது இல்லை. மெட்ரிக் ஆனாலும் சிபிஎஸ்இ ஆனாலும் பல பள்ளிகளின் டைரியில் முதல் சில பக்கங்களுக்குள் அந்தப் பத்தி இருக்கும். கறுப்பு ஷூ, சோலும் கறுப்பு, லோகோ தெரியக்கூடாது. பையன்களுக்கு லேஸ், பெண் பிள்ளைகளுக்கு பக்கிள். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வெள்ளை கேன்வாஸ். சாக்ஸில் பள்ளியின் கோடு. கடைசி வரியில், மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கை.

சீருடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காமராசர் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை வந்தது, பணக்கார வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டுப் பிள்ளை என்ற வித்தியாசம் வகுப்பில் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த நோக்கம் எனக்கு இன்றும் பிடிக்கும். சட்டைக்கும் பாவாடைக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது. கொஞ்சம் பெரிதாகத் தைத்து உள்மடிப்பு வைத்துவிட்டால் இரண்டு வருஷம்கூட ஓட்டலாம். உயரம் கூடினால் மடிப்பைப் பிரித்துவிடலாம், அக்காவுடையதைத் தங்கைக்குப் பிடித்துத் தைக்கலாம். ஷூவில் மடிப்பு வைக்க முடியாது. ஜூனில் கட்டை விரலுக்கு முன்னால் பஞ்சு வைத்துப் போட்டுப் போன பிள்ளை, பிப்ரவரியில் விரலை மடக்கிக்கொண்டு நடக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் போடும் அந்த வெள்ளை கேன்வாஸ், தேய்வதற்கு முன்னாலேயே சின்னதாகிவிடுகிறது. வித்தியாசம் தெரியாமல் இருக்க வேண்டும் என்று வந்த விதி, யார் வீட்டில் நடு வருஷத்தில் இன்னொரு ஜோடி வாங்க முடியவில்லை என்பதை வாசலிலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மே கடைசியில் எங்கள் ஊர் என்.எஸ்.பி. ரோட்டில் ஏதாவது ஒரு செருப்புக் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கையில் போன், அதில் பள்ளி அனுப்பிய சுற்றறிக்கை. "சோல் கறுப்புதானே? பக்கத்துல பட்டை எதுவும் இல்லையே? லேஸ் வச்சது காட்டுங்க." இவ்வளவும் கேட்டு முடித்த பிறகுதான் பிள்ளையின் பக்கம் திரும்பி, "கடிக்குதா?" என்று கேட்கிறோம். பிள்ளையும் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு "இல்லை" என்கிறது. வளரும் காலுக்குக் கட்டை விரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் இடம் வேண்டும், விரல்கள் விரிந்து நிற்க அகலம் வேண்டும், மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்ப்பது நல்லது. இதில் ஒன்றையாவது எந்தப் பள்ளியின் சுற்றறிக்கையிலும் நான் படித்ததில்லை.

சில பள்ளிகளில் கடைக்கே போக வேண்டியதில்லை. பள்ளி வளாகத்திலோ, பள்ளி சொல்லும் ஒரே கடையிலோதான் வாங்க வேண்டும். சீருடை, ஷூ, பை எல்லாவற்றையும் பள்ளிக்குள்ளேயோ குறிப்பிட்ட கடையிலோதான் வாங்க வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று 2017 ஏப்ரலில் சிபிஎஸ்இயே தன் பள்ளிகளுக்குச் சொன்னது. அந்த விவகாரம் பிறகு நீதிமன்றம் வரை போனது. சட்டத்தில் அது எப்படி முடிந்தாலும் பெற்றோரின் நிலைமை ஒன்றுதான். ஒரே கடை என்றால் விலை பேச வழியில்லை, பிள்ளையின் அகலமான காலுக்கு வேறு ஒன்று பார்க்கவும் வழியில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள காலணிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் ஆயிரம் ரூபாய்க்குள் 12, அதற்கு மேல் 18 சதவீதம். அந்தச் சலுகை பிள்ளைகளின் வீடு வரை வர வேண்டுமென்றால் நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்கும் சுதந்திரம் எங்களுக்கு வேண்டும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் உங்கள் பள்ளிகளில் சேரும் பிள்ளைகளையும் இங்கே நினைத்துப் பாருங்கள். கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது என்ற நம்பிக்கையில்தான் அந்தக் குடும்பங்கள் துணிந்து உங்கள் வாசலுக்கு வருகின்றன. இரண்டு ஜோடி ஷூவும் அதற்கான சாக்ஸும் அவர்களுக்குச் சின்னச் செலவு கிடையாது.

சரி, வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். போன வருஷம் என் மகளுக்கு வாங்கிய ஷூவில் சோலைச் சுற்றி நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைத் தையல் ஓடியது. அவள் அளவுக்கு அன்று கடையில் கிடைத்தது அது ஒன்றுதான். பி.இ.டி. சார் கேட்டிலேயே பிடித்துவிட்டார். அவளோடு இன்னும் ஐந்தாறு பிள்ளைகள். ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிரேயர் முடிந்து முதல் பீரியட் முடியும் வரை வேப்பமரத்தடியில் வெறும் சாக்ஸோடு நிற்க வைத்திருக்கிறார்கள். மற்ற வகுப்புகள் வரிசையாக அவர்களைக் கடந்து போயிருக்கின்றன. சாயங்காலம் வந்து அவள் எதுவும் சொல்லவில்லை. சாக்ஸைத் துவைக்கப் போட்டபோது அடியில் செம்மண்ணும் இரண்டு நெருஞ்சி முள்ளும் ஒட்டியிருந்ததைப் பார்த்து நான்தான் கேட்டேன். ராத்திரி தரையில் செய்தித்தாளை விரித்து, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அந்தத் தையல் முழுவதையும் ஒரு புள்ளி விடாமல் தீட்டினாள். அடுத்து மழை பெய்த நாளில் அந்த மை கரைந்து சாக்ஸில் இறங்கியது. அதற்கும் டைரியில் ஒரு குறிப்பு வந்தது.

அந்த ஷூவைத் தேர்ந்தெடுத்தது நான். பணம் கொடுத்தது அவள் அப்பா. வெளியே நின்றது அவள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் ஷூவைத் தானே வாங்கும் வசதி கிடையாது. சோல் கிழிந்தால் மாற்றித் தரும் வேலையும் அவளுடையது இல்லை. குறை இருந்தால் எங்களுக்குப் போன் செய்யுங்கள், குறிப்பு அனுப்புங்கள், கூப்பிட்டுப் பேசுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. பள்ளி முழுவதும் பார்க்க ஒரு பிள்ளையைக் காலில் ஷூ இல்லாமல் நிறுத்துவதை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது? அந்த நாற்பது நிமிஷப் பாடமும் போய்விட்டது. அன்று கணக்கில் பின்னம் ஆரம்பித்தார்கள்.

இனி அந்த ஷூவைப் பற்றி. விதியில் லெதர் என்று இருக்கும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் அருமையான தோல் ஷூக்கள் தயாராகின்றன, ஆனால் அவற்றில் பெரும்பகுதி கப்பலேறிப் போய்விடுகிறது. எங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது ரெக்சின், பி.வி.சி. காற்று புகாது. அதற்குள் நைலான் கலந்த சாக்ஸ். காலை ஏழரைக்கு வேன் ஏறும் பிள்ளை மாலை நாலரைக்கு வீடு வந்து கழற்றும்போது விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறிக் கிடக்கிறது. வெயில் கடுமையாக இருந்ததால் 2023-லும் 2024-லும் பள்ளி திறப்பையே ஜூன் இரண்டாம் வாரம் வரை தள்ளிவைத்த மாநிலம் இது. ஆனால் திறந்த முதல் நாளே காலைக் கறுப்பு பிளாஸ்டிக்குக்குள் அடைத்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

மழைக்காலம் அதைவிடக் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை நனைந்த ஷூ மறுநாள் காலைக்குள் காயாது. செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து ராத்திரி முழுக்க ஃபேனுக்கு அடியில் வைக்கிறோம். காலையில் மேலே காய்ந்தது போல இருக்கும், உள்ளே கை விட்டால் சில்லென்று இருக்கும். அதையே மாட்டி அனுப்புகிறோம், ஏனென்றால் செருப்பு போட்டு வந்தால் கேட்டில் நிறுத்துவார்கள். சேற்றுப்புண்ணுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மகனுக்குப் போன டிசம்பரில் வந்து, பொங்கல் விடுமுறை வரை களிம்பு போட்டோம்.

நம் மண்ணில் பிள்ளைகளுக்குக் காலணி எதற்கு? முள்ளுக்கு, சுடுமண்ணுக்கு, கொக்கிப்புழுவுக்கு. வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் புழு அது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுக்கிறீர்களே, அதுவும் இந்தப் புழுக்களுக்காகத்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா காலணி கொடுப்பதிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. பின்னால் வார் வைத்த ஒரு கறுப்பு சாண்டல் இந்த மூன்றுக்கும் போதும். காற்று போகும், நனைந்தால் அரை மணியில் காயும், பாலிஷ் வேண்டாம், எல்.கே.ஜி. பிள்ளையே தானாக மாட்டிக்கொள்ளும்.

சாண்டல் போட்டால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீட் தேர்வு அறைக்கு ஷூ போட்டு வரக்கூடாது, செருப்போ தாழ்ந்த குதிகால் சாண்டலோ போட்டு வரலாம் என்பதுதான் தேசிய தேர்வு முகமையின் விதி. அங்கே முறைகேட்டைத் தடுக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள், தெரியும். ஆனாலும் பன்னிரண்டு வருஷம் நீங்கள் தயார்படுத்தும் பிள்ளை தன் வாழ்க்கையின் பெரிய தேர்வைச் செருப்போடுதான் எழுதுகிறது. வழக்கறிஞர்களுக்குக்கூட, உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற நீதிமன்றங்களில் கோடையில் கறுப்புக் கோட் கட்டாயமில்லை என்று இந்திய பார் கவுன்சில் விதியிலேயே எழுதியிருக்கிறது. வெயிலுக்காக விதியைத் தளர்த்தியதால் அந்த நீதிமன்றங்களின் மரியாதை குறைந்துவிடவில்லை. எந்த நாட்டுப் பள்ளிகளைப் பார்த்து இந்த ஷூவும் டையும் நம்மிடம் வந்தனவோ, அந்த இங்கிலாந்திலேயே சீருடைச் செலவைக் கட்டுக்குள் வைக்க 2021-ல் தனிச் சட்டம் போட்டார்கள்.

பெண் பிள்ளைகளின் பக்கிள் ஷூவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாதத்தின் மேல்பக்கம் திறந்து, ஒரே ஒரு மெல்லிய பட்டையில் நிற்கும் ஷூ அது. சோல் வழுவழுவென்று இருக்கும். ஓடினால் குதிகால் வெளியே வரும், திரும்பினால் வழுக்கும். அதே மைதானத்தில் பையன்கள் லேஸ் கட்டிய ஷூவில் ஓடுகிறார்கள். இடைவேளையில் பெண் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதை அவர்களுடைய சுபாவம் என்று நினைத்துவிடாதீர்கள். காலில் என்ன மாட்டிவிட்டோம் என்று ஒரு தடவை பாருங்கள். என் மகள் கேன்வாஸ் போடும் நாளில் வீட்டுக்கு வேர்த்து வழிந்து, முழங்காலில் மண்ணோடு வருவாள். மற்ற நாட்களில் அப்படி வருவதில்லை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற அந்தப் பிரிவுக்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஷூ விதியைத் தளர்த்திவிட்டால் பிள்ளைகள் விலையுயர்ந்த பிராண்டுகளைப் போட்டுக்கொண்டு வந்து போட்டி போடுவார்கள் என்று ஒரு முதல்வர் என்னிடம் சொன்னார். நியாயமான கவலைதான். நிறத்தை மட்டும் கட்டாயமாக்குங்கள், லோகோ வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அதில் எனக்குச் சம்மதமே. கறுப்பு நிறத்தில் எந்த ஷூவும் எந்த சாண்டலும், ஆண் பெண் யாரும், எந்தக் கடையிலும் வாங்கலாம். விளையாட்டு நாளுக்கும் அதே கறுப்பு ஸ்போர்ட்ஸ் ஷூ போதும், வெள்ளை கேன்வாஸ் தனியாக வேண்டாம். சாக்பீஸ் தேய்த்து அதை வெள்ளையாகக் காட்டும் வேலையும் போகும். தையலின் நிறம், சோலின் ஓரம், பட்டையா லேஸா என்பதெல்லாம் கேட்டில் நின்று அளக்க வேண்டிய விஷயங்கள் இல்லை. மழைக்கால மாதங்களில் செருப்புக்கு அனுமதி என்று ஒரு வரி சேருங்கள். தட்டைப்பாதமோ வேறு பிரச்சினையோ உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சொன்ன ஷூ எந்த நிறத்தில் இருந்தாலும் சரி என்று இன்னொரு வரி. வருஷா வருஷம் சான்றிதழ் கேட்டு அந்த அம்மாக்களை அலையவிடாதீர்கள்.

வாசலில் நிற்கும் ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலிருந்து சொன்னதைத்தான் செய்கிறார்கள். அவர்களில் பலர் சாண்டல் போட்டுத்தான் நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறார்கள், அது இந்த வெயிலுக்கு வசதியானது என்பதால்தான். அதே வசதியைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. இதற்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம்.

அடுத்த கல்வியாண்டுக்கான டைரி கோடை விடுமுறைக்குள் அச்சுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் நடக்கும் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஷூ விதியைப் பேச வேண்டிய பொருளாகச் சேருங்கள். குழந்தை நல மருத்துவர் ஒருவரையும், உங்கள் மாணவர் தலைவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேச விடுங்கள். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு கூட்டம் வைத்தால், இந்த மடலில் சொன்ன எல்லாவற்றையும் நான் நேரில் வந்து சொல்லத் தயார். அது வரை, நாளைக் காலையிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கேட்டில் நிற்பவர்களிடம், ஷூ எப்படி இருந்தாலும் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, பெயரை மட்டும் குறித்து எங்களுக்குத் தெரியப்படுத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா,
திருச்சிராப்பள்ளி